மூன்று அளவீடு போதும் என்றால், வால்மீனை ஏன் மாதக்கணக்கில் அளக்கிறார்கள்?

பதிவு 1 | ஆரணி வானம்

எல்லோருக்கும் வணக்கம். பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். வால்மீன்களின் சுற்றுப்பாதையை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று கொஞ்ச நாளாகத் தேடிப் படித்து வருகிறேன். ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

வானத்தில் மூன்று தடவை இடத்தை அளந்தால் பாதையைக் கண்டுபிடித்துவிடலாம் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. கணக்கும் ஓரளவு புரிகிறது. ஆனால் 3ஐ/அட்லஸ் என்ற வால்மீனின் விஷயத்தைப் பாருங்கள். 2025 ஜூலை 1 அன்று சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி அதைக் கண்டது. மறுநாளே அது சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்தது என்று அறிவித்துவிட்டார்கள். அப்புறமும் விடவில்லை. சிறுகோள் எச்சரிக்கைக்கான பன்னாட்டு வலையமைப்பு, நவம்பர் 27 முதல் 2026 ஜனவரி 27 வரை அந்த வால்மீனை அளப்பதற்கென்றே ஓர் இயக்கம் நடத்தியது.

மூன்று போதும் என்றால் இத்தனை அளவீடு எதற்கு? போதாது என்றால் ஒரே நாளில் எப்படிச் சொன்னார்கள்?


பதிவு 2 | கணக்கு வாத்தியார்

தம்பி, நீங்கள் படித்தது இரண்டுமே உண்மைதான். மூன்று அளவீடு இருந்தால் ஒரு பாதை கிடைக்கும். கிடைத்த பாதையை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு சங்கதி.

ஒரு பாதையை முழுதாகச் சொல்ல ஆறு எண்கள் வேண்டும். சூரியனுக்கு எவ்வளவு அருகே வரும், எந்த நேரத்தில் வரும், பாதை எவ்வளவு நீண்டது என்று காட்டும் மையத்தொலைத்தகவு, பூமியின் பாதைத் தளத்துக்கு எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது, அந்தத் தளத்தை எங்கே வெட்டுகிறது, வெட்டும் இடத்திலிருந்து அண்மைப்புள்ளி (சூரியனுக்கு மிக அருகே வரும் இடம்) எந்தக் கோணத்தில் இருக்கிறது. தொலைநோக்கி தருவதோ திசை மட்டும்தான். வலஏற்றம், நடுவரை விலக்கம் என்று இரண்டு கோணங்கள். தூரத்தைத் தொலைநோக்கி சொல்லாது. மூன்று அளவீட்டுக்கு ஆறு கோணம், தெரியாதவை ஆறு. கணக்கு சரியாகிவிட்டது.

1801-இல் கணித மேதை காஸ் செய்தது இதைத்தான். அந்த வருடம் ஜனவரி 1 அன்று இத்தாலியின் பலெர்மோவில் பியாட்சி என்ற வானியலாளர் சீரிஸ் என்ற குறுங்கோளைக் கண்டார். பிப்ரவரி 11 வரை பின்தொடர்ந்தார். அப்புறம் அது சூரிய வெளிச்சத்துக்குள் போய்விட்டது. மறுபடி எங்கே வெளிவரும் என்று யாருக்கும் தெரியவில்லை. 24 வயது காஸ் கணக்குப் போட்டு இடத்தைச் சொன்னார், டிசம்பர் கடைசியில் ஸாக் அதைக் கண்டுபிடித்தார். இதில் கவனிக்க வேண்டியது, காஸ் கையில் இருந்த அளவீடுகள் 41 நாட்களுக்குப் பரவியிருந்தன. அந்த இடைவெளி இல்லையென்றால் காஸாலும் முடிந்திருக்காது.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் பார்ப்போம். சூரியனின் ஈர்ப்புதான் பாதையை வளைக்கிறது. அந்த வளைவிலிருந்துதான் தூரத்தைப் பிடிக்கிறோம். பூமி இருக்கும் தூரத்தில் சூரிய ஈர்ப்பின் முடுக்கம் நொடிக்கு நொடி 0.006 மீட்டர். ஒரு மணி நேரத்தில் இது ஒரு பொருளை நேர்க்கோட்டிலிருந்து சுமார் 38 கிலோமீட்டர் விலக்கும். ஒரு வானியல் அலகு, அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்திலிருந்து பார்த்தால் அந்த 38 கிலோமீட்டர் 0.05 விகலைதான் (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு ஒரு விகலை). நல்ல தொலைநோக்கியிலும் நம் அளவீட்டுப் பிழை இதைவிடப் பல மடங்கு பெரியது. அதாவது ஒரு மணி நேரத்துக்குள் எடுத்த மூன்று அளவீட்டில் வளைவு என்று ஒன்று தெரியவே தெரியாது.

விலகல் நேரத்தின் வர்க்கத்தில் ஏறும். ஒரு முழு நாள் விட்டுப் பார்த்தால் 22,000 கிலோமீட்டர், அதாவது 30 விகலை. பத்து நாளில் அதைப்போல நூறு மடங்கு, கிட்டத்தட்ட 50 கலை (60 விகலை ஒரு கலை), முழுநிலாவின் அகலத்தைவிட அதிகம். நீண்ட ரோட்டில் நாலடியை மட்டும் பார்த்துவிட்டு அது எந்த ஊருக்குப் போகிறது என்று சொல்ல முடியாது, அதே கதைதான் இங்கேயும். எத்தனை அளவீடு என்பதைவிட, முதலுக்கும் கடைசிக்கும் நடுவே எவ்வளவு காலம் என்பதுதான் பாதையின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

3ஐ-க்கு வருவோம். கண்டுபிடித்தது ஜூலை 1 என்றாலும், இடம் தெரிந்த உடனே பழைய படங்களைத் தோண்டினார்கள். மூன்று அட்லஸ் தொலைநோக்கிகளின் சேமிப்பிலும் பாலமர் மலையில் வானத்தைத் தொடர்ந்து படமெடுக்கும் இசட்.டி.எஃப். திட்டத்தின் சேமிப்பிலும் ஜூன் 14 வரை பின்னோக்கி அதன் புள்ளி கிடைத்தது. ஆக வில், அதாவது முதல் அளவீட்டுக்கும் கடைசி அளவீட்டுக்கும் இடைப்பட்ட பாதைத்துண்டு, ஒரு நாள் நீளமல்ல, இரண்டு வாரத்துக்கும் மேல். அதன் மையத்தொலைத்தகவும் 6-ஐத் தாண்டியது. 1-க்கு மேல் போனாலே அது மூடாத பாதை. 6 என்று வரும்போது பிழை கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் தீர்ப்பு மாறாது. எங்கிருந்தோ வந்தது என்று உடனே சொல்ல முடிந்தது. சரியாக எந்த வழியாக வந்தது, எங்கே போகும் என்பதற்குத்தான் அந்த மாதக்கணக்கான அளவீடுகள்.


பதிவு 3 | கொங்கு விண்மீன்

ஒரு சின்னத் திருத்தம் சேர்க்கிறேன். 1-க்கு மேல் போனாலே வெளியிலிருந்து வந்தது என்று அர்த்தமில்லை. 1980-இல் கண்ட போவெல் வால்மீனின் மையத்தொலைத்தகவு 1.057. அது நம் சூரியக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வியாழனுக்கு அருகே போனதில் உதை வாங்கி வெளியே போகும் பாதைக்கு மாறிவிட்டது. இந்த மாதிரி எல்லையோர வால்மீன்களில்தான் அளவீட்டின் ஒவ்வொரு விகலையும் பேசும். வெளியிலிருந்து முன்பு வந்த ஓமுவாமுவாவுக்கு 1.20, போரிசோவுக்கு 3.36, இந்த 3ஐ-க்கு 6.14 என்று வந்ததால் அங்கே வாதத்துக்கு இடமில்லை.


பதிவு 4 | நுங்கம்பாக்கம் பழசு

மூன்று அளவீட்டுக்கு ஒன்று குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் சென்னையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. இதைச் சொல்லாமல் இந்த இழையைக் கடக்க மனசு வரவில்லை.

பியேலா என்று ஒரு வால்மீன். 6.6 வருடத்துக்கு ஒருமுறை வரும். 1846-இல் வந்தபோது எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாகப் பிரிந்தது. 1852-இல் இரண்டு துண்டுகளும் வந்தன. அதோடு சரி, அப்புறம் யாரும் பார்க்கவில்லை. 1872 நவம்பர் 27 அன்று பூமி அதன் பாதையைக் கடந்தபோது ஆன்ட்ரோமெடா திசையிலிருந்து எரிகற்கள் மழையாகக் கொட்டின.

ஜெர்மனியின் கோட்டிங்கனில் இருந்த கிளிங்கர்ஃபியூஸ் ஒரு யோசனை செய்தார். வால்மீனே பூமியை உரசிக்கொண்டு போயிருந்தால், எரிகற்கள் வந்த திசைக்கு நேர் எதிர்த் திசையில் இப்போது அது இருக்க வேண்டும். அது சென்டாரஸ் மண்டலம். ஐரோப்பாவிலிருந்து அந்தப் பகுதி தெரியாது. தெற்கே நல்ல தொலைநோக்கியோடு யார் இருக்கிறார்கள்? சென்னை வானாய்வகத்தில் போக்சன். உடனே தந்தி பறந்தது. பியேலா 27-ஆம் தேதி பூமியைத் தொட்டது, தீட்டா சென்டாரி அருகே தேடு என்பது அதன் சாரம்.

முதலில் மேகம். டிசம்பர் மாதச் சென்னை வானத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் மேகம் விலகியபோது போக்சன் சொன்ன இடத்தில் பார்த்தார். ஒரு வால்மீன் இருந்தது! டிசம்பர் 3, 4 விடியற்காலைகளில் அதன் இடத்தை அளந்தார். பிறகு வானம் மூடிக்கொண்டது. அந்த வால்மீனை வேறு யாரும், வேறு எந்த ஊரிலிருந்தும் பார்க்கவில்லை.

இரண்டு காலை, நான்கு கோணம். ஆறு எண்ணைக் கண்டுபிடிக்க நான்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பியேலாவின் பழைய பாதையோடு ஒட்டிப் பார்த்தவர்களுக்கும் அது பொருந்தி வரவில்லை. இன்று அதன் பெயர் எக்ஸ்/1872 எக்ஸ்1. முன்னால் இருக்கும் அந்த எக்ஸ், பாதை கணக்கிட முடியாத வால்மீன் என்பதற்கான அடையாளம். மூன்றாவதாக ஒரு விடியற்காலை மட்டும் வானம் திறந்திருந்தால், ஏதோ ஒரு பாதையாவது கையில் இருந்திருக்கும். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் தாங்க முடிவதில்லை.


பதிவு 5 | ஆரணி வானம்

போக்சன் கதை எனக்குப் புதுசு ஐயா, மிக்க நன்றி. நாம் தினமும் கடந்து போகும் ஊரில் இப்படி ஒன்று நடந்திருக்கிறது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

வாத்தியார் சார், 0.05 விகலை கணக்கைப் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. அடுத்த சந்தேகம். அந்த இடத்தை விகலைக் கணக்கில் எப்படி அளக்கிறார்கள்? வால்மீன் புகைமாதிரி அல்லவா இருக்கும்? எதை மையம் என்று எடுப்பது?


பதிவு 6 | ஜவ்வாது இரவு

இது என் ஏரியா, நானே சொல்கிறேன். எட்டு அங்குலத் தொலைநோக்கியும் ஒரு மோனோ கேமராவும் வைத்துக்கொண்டு வால்மீன் இடங்களை அளந்து அனுப்பிவருகிறேன்.

படத்தில் வால்மீனைச் சுற்றி நூற்றுக்கணக்கான விண்மீன்கள் விழும். அவற்றின் இடங்களை கையா செயற்கைக்கோளின் அட்டவணை விகலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு சுத்தத்துக்குத் தருகிறது. அஸ்ட்ரோமெட்ரிகா, டைக்கோ டிராக்கர் மாதிரி ஒரு மென்பொருள் அந்த விண்மீன்களை அடையாளம் கண்டு, படத்தின் ஒவ்வொரு பிக்ஸலும் வானத்தின் எந்த இடம் என்று கணக்கிட்டுவிடும். அப்புறம் வால்மீனின் மேல் ஒரு வட்டத்தை வைத்தால் அதன் ஒளியின் மையப்புள்ளி எங்கே என்று வரும். கேட்க எளிதாக இருக்கும். சிக்கல் மூன்று இடத்தில் உண்டு.

முதலாவது நேரம். வால்மீன் நிமிடத்துக்கு 2 விகலை நகர்கிறது என்று வையுங்கள். உங்கள் மடிக்கணினியின் கடிகாரம் 15 நொடி தவறாக இருந்தால் அரை விகலை போச்சு. எத்தனை சுத்தமாக மையம் எடுத்தாலும் அது சரியாகாது. அதனால் ஜி.பி.எஸ். நேரமோ, இணைய நேரச் சேவையோடு அடிக்கடி ஒத்திசைத்த கடிகாரமோ கட்டாயம். எக்ஸ்போஷரின் தொடக்க நேரத்தையா, நடுநேரத்தையா கோப்பில் எழுதுகிறது என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். அனுப்ப வேண்டியது நடுநேரம்.

இரண்டாவது நீங்கள் நிற்கும் இடம். பூமியின் ஆரம் 6,378 கிலோமீட்டர். ஒரு வானியல் அலகு தூரத்தில் அது 8.8 விகலை. ஜவ்வாது மலையிலிருந்து பார்ப்பதற்கும் சிலியிலிருந்து பார்ப்பதற்கும் வால்மீனின் இடம் அந்த அளவுக்கு மாறும். அதனால்தான் அமெரிக்காவில் உள்ள சிறுகோள் மையம் ஒவ்வொரு நோக்கு நிலையத்துக்கும் மூன்று எழுத்துக் குறியீடு தருகிறது. குறியீட்டுக்குப் பின்னால் தீர்க்கரேகையும் அட்சரேகையும் உயரமும் பதிந்திருக்கும். இடமாறு தோற்றம் கணக்கில் கழிந்துவிடும்.

மூன்றாவதுதான் நீங்கள் கேட்டது. தலைப்பகுதி ஒரு பக்கமாக விரிந்திருக்கும், வால் இழுத்துக்கொண்டிருக்கும். அளக்கும் வட்டத்தைப் பெரிதாக வைத்தால் மையப்புள்ளி வால் பக்கம் சாய்ந்துவிடும். நான் செய்வது இது: 60 நொடிப் படங்களாக எடுத்து, வால்மீனின் நகர்வுக்கு ஏற்ப அவற்றை அடுக்குவேன். விண்மீன்கள் கோடாகும், வால்மீன் கூர்மையாகும். பிறகு வட்டத்தை எவ்வளவு சிறிதாக்க முடியுமோ அவ்வளவு சிறிதாக்கி, மிகப் பிரகாசமான பிக்ஸல்களை மட்டும் பிடிப்பேன். அதே படத்தை மூன்று வெவ்வேறு வட்ட அளவில் அளந்து பார்ப்பேன். எண் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போனால் வால் இழுக்கிறது என்று அர்த்தம்.

அந்தப் பன்னாட்டு இயக்கம் 3ஐ-யைத் தேர்ந்தெடுத்ததும் இதனால்தான். வால்மீனின் இடத்தைத் துல்லியமாக அளப்பது சிறுகோளை அளப்பதைவிடக் கடினம். அதைச் சரியாகச் செய்யும் பயிற்சிதான் அந்த இரண்டு மாதம். 3ஐ-யால் பூமிக்கு ஆபத்து என்று பரவியதெல்லாம் வீண் பீதி.


பதிவு 7 | யாழ் வால்வெள்ளி

இடமாறு தோற்றம் பற்றி ஜவ்வாது அண்ணா சொன்னதோடு ஒன்று. 3ஐ/அட்லஸ் 2025 ஒக்டோபர் தொடக்கத்தில் செவ்வாய்க்கு சுமார் 3 கோடி கிலோமீட்டர் தூரத்தில் போனது. அப்போது பூமியிலிருந்து பார்த்தால் அது சூரியனுக்கு நெருக்கமாக இருந்தது. செவ்வாயைச் சுற்றும் ஐரோப்பிய டிரேஸ் கேஸ் ஆர்பிட்டர் படம் எடுத்தது. பூமியை விட்டு வேறொரு கோளைச் சுற்றும் விண்கலத்திலிருந்து எடுத்த இட அளவீடு சிறுகோள் மையத்தின் தரவில் சேர்ந்தது அதுவே முதல் முறை. பூமியின் ஆரமே 8.8 விகலை தருகிறது என்றால், பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் உள்ள தூரம் எவ்வளவு தரும் என்று யோசியுங்கள். பாதையின் துல்லியம் பத்து மடங்கு கூடியது.

செவ்வாய் என்றதும் இன்னொன்று. 2013 ஜனவரி 3 அன்று அவுஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கில் மெக்நாட் ஒரு வால்வெள்ளியைக் கண்டார். முதல் சில வாரக் கணக்கில் அது 2014 ஒக்டோபர் 19 அன்று செவ்வாய் மீது மோதக்கூடும் என்பதை மறுக்கவே முடியவில்லை. வரும் இடத்தைக் காட்டும் பிழை நீள்வட்டம் அவ்வளவு பெரிதாக இருந்தது, செவ்வாய் அதற்குள்ளே கிடந்தது. மாதங்கள் போகப் போக வில் நீண்டது, நீள்வட்டம் சுருங்கியது, செவ்வாய் வெளியே வந்துவிட்டது. கடைசியில் சுமார் 1,40,000 கிலோமீட்டரில் விலகிப் போனது. நமக்கும் சந்திரனுக்கும் இடையிலான தூரத்தில் பாதிகூட இல்லை.

நொடிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் வரும் தூசு அல்லவா, செவ்வாயைச் சுற்றிய கலங்களையெல்லாம் கோளின் மறுபக்கம் ஒதுக்கினார்கள். சில வாரங்களுக்கு முன்தான் போய்ச் சேர்ந்திருந்த மங்கள்யானின் பாதையையும் இஸ்ரோ அதற்காக மாற்றியது. எந்த நிமிடத்தில் ஒதுங்குவது என்பதை இந்தப் பாதைக் கணக்குத்தான் சொன்னது. ஒக்டோபர் 7-ஆம் திகதி செவ்வாயிலிருந்தே ஹைரைஸ் கமரா எடுத்த படத்தில் வால்வெள்ளி எதிர்பார்த்த இடத்தை விட்டுச் சற்றுத் தள்ளி இருந்தது. அதை வைத்துக் கடைசித் திருத்தம் செய்தார்கள்.


பதிவு 8 | கூட்டல் கழித்தல்

கணிதம் கற்பிப்பவள் என்பதால் கணக்குப் பக்கத்தை நான் கொஞ்சம் தொடுகிறேன்.

மூன்று அளவீட்டில் கிடைப்பது முதல் தோராயம். அதை வைத்துக்கொண்டு, எல்லா அளவீட்டு நேரங்களிலும் வால்மீன் எங்கே தெரிந்திருக்க வேண்டும் என்று கணக்கிடுவோம். நிஜ அளவீட்டிலிருந்து அதைக் கழித்தால் வருவதுதான் ரெசிடுவல். ஆறு எண்களையும் துளித்துளியாக மாற்றி, எல்லா ரெசிடுவல்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை மிகச் சிறிதாகும் வரை திரும்பத் திரும்பச் செய்வோம். மீச்சிறு வர்க்க முறை. ஃபைண்ட் ஆர்ப் என்ற இலவச மென்பொருள் இதைக் கண் இமைக்கும் நேரத்தில் செய்துவிடும். அதில் அளவீடுகளை ஒவ்வொன்றாக நீக்கியும் சேர்த்தும் பாருங்கள், எது பாதையை இழுக்கிறது என்று கண்ணுக்கு நேராகத் தெரியும்.

ஆனால் சூரியன் மட்டும் இழுக்கவில்லை. ஹேலி, 1531, 1607, 1682-இல் வந்தது ஒரே வால்மீன்தான் என்று 1705-இல் சொல்லி, 1758-இல் திரும்பும் என்றார். எந்த மாதம் என்று சொல்ல, வியாழனும் சனியும் வழியில் எவ்வளவு இழுத்திருக்கும் என்று பார்க்க வேண்டும். அந்தக் கணக்கை கிளேரோ, லாலாண்ட், நிக்கோல்-ரேன் லெபோட் என்ற மூவர் கையாலேயே போட்டார்கள். லெபோட் அம்மையார் மாதக்கணக்கில் உட்கார்ந்து எண்களைக் கூட்டியிருக்கிறார். வியாழனால் 518 நாள் தாமதம், சனியால் 100 நாள் தாமதம் என்று வந்தது. 1759 ஏப்ரல் நடுவில் சூரியனுக்கு அருகே வரும், ஒரு மாதம் முன்பின் இருக்கலாம் என்றார்கள். வந்தது மார்ச் 13. நெப்டியூனும் யுரேனஸும் இருப்பதே தெரியாத காலத்தில், 76 வருடச் சுற்றில் ஒரு மாதம்தான் பிசகு. லெபோட்டின் பெயர் பாடப்புத்தகங்களில் வராதது எனக்கு உண்மையிலேயே வருத்தம். என் மாணவிகளிடம் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன்.


பதிவு 9 | ஆரணி வானம்

அப்படியென்றால் எல்லாக் கோள்களையும் கணக்கில் சேர்த்து, நிறைய அளவீடும் இருந்தால், பாதை முழுசாகக் கைக்கு வந்துவிடுமா? அத்தோடு முடிந்ததா?


பதிவு 10 | கணக்கு வாத்தியார்

சிறுகோளுக்குக் கிட்டத்தட்ட முடிந்தது எனலாம். வால்மீனுக்கு முடியாது. வால்மீன் தன்னைத்தானே தள்ளிக்கொள்ளும்.

என்கே வால்மீனுக்கு 3.3 வருடச் சுற்று. எல்லாக் கோள்களையும் சேர்த்துக் கணக்கிட்டும் அது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டரை மணி நேரம் முன்னதாகவே வந்து நின்றது. என்கே பெருமகன் அதை நேர்மையாக எழுதிவைத்தார். விண்வெளியில் ஏதோ ஊடகம் உராய்கிறது என்று விளக்கமும் தேடினார். ஹேலி வால்மீனோ தலைகீழ், ஒவ்வொரு முறையும் சுமார் 4 நாள் தாமதம். உராய்வு என்றால் ஒன்று முந்தவும் ஒன்று பிந்தவும் கூடாது அல்லவா?

1950-இல் விப்பிள் என்ற வானியலாளர் விடை சொன்னார். வால்மீனின் உட்கரு தூசு கலந்த பனிக்கட்டி. வெயில் பட்டதும் ஆவியாகி ஒரு பக்கமாகப் பீறிடும். உட்கரு சுழன்றுகொண்டிருப்பதால் அந்தத் தள்ளுவிசை சூரியனுக்கு நேர் எதிர்த் திசையில் இருக்காமல் கொஞ்சம் சாய்ந்துவிடும். சுழலும் திசையைப் பொறுத்து வேகம் கூடும் அல்லது குறையும். 1973-இல் மார்ஸ்டனும் செகானினாவும் இதைக் கணக்குக்குள் கொண்டுவரும் வழியைத் தந்தார்கள். இன்றும் வால்மீன் பாதைகளில் ஆறு எண்களுக்குப் பக்கத்தில் ஏ1, ஏ2 என்று இன்னும் இரண்டு எண்கள் இருப்பதைப் பார்ப்பீர்கள். ஒன்று சூரியனை விட்டு விலகும் திசையில் தள்ளுவது, இன்னொன்று பாதையின் போக்கில் தள்ளுவது. எட்டு எண் ஆனதும் மூன்று அளவீட்டுக் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. ஏ2 தெரிய வேண்டுமானால் பெரும்பாலும் இரண்டு மூன்று வருகைகளாவது வேண்டும்.

1986-இல் ஐரோப்பாவின் ஜியோட்டோ கலத்தை ஹேலியின் உட்கருவுக்கு அருகே செலுத்தியபோது பூமியிலிருந்து எடுத்த அளவீடு மட்டும் போதவில்லை. தூசிக்குள் உட்கரு எங்கே என்று தெரியாதே. மார்ச் 6-உம் 9-உம் சோவியத்தின் வேகா கலங்கள் இரண்டும் முன்னால் போய் உட்கருவைப் படமெடுத்துக் கொடுத்தன. அந்த எண்களை வைத்து ஜியோட்டோவின் பாதையைத் திருத்தினார்கள். மார்ச் 14 அன்று 596 கிலோமீட்டர் தூரத்தில் கடந்தது. பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் இரண்டு தரப்பும் ஒரு வால்மீனுக்காக எண்களைப் பகிர்ந்துகொண்டன என்பது சாதாரணச் செய்தியல்ல.


பதிவு 11 | நேர்ப்பேச்சு

எல்லாம் சரி. ஒன்று கேட்கிறேன், யாரும் தப்பாக எடுக்க வேண்டாம். சிலியில் வேரா ரூபின் வானாய்வகம் வந்துவிட்டது. 8.4 மீட்டர் கண்ணாடி. சில இரவுகளுக்கு ஒருமுறை தெற்கு வானம் முழுவதையும் படமெடுக்கும். வானத்தைத் துழாவும் பான்-ஸ்டார்ஸ், அட்லஸ், கேட்டலினா எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. இத்தனைக்குப் பிறகும் ஜவ்வாது மலையில் எட்டு அங்குலத்தை வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழிப்பதால் பாதைக் கணக்குக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது? பையன் படிக்கும் வயது. நேரத்தைத் தரவு அறிவியல் பக்கம் போட்டால் இதைவிட அதிகம் செய்யலாம் என்பது என் கருத்து.


பதிவு 12 | ஜவ்வாது இரவு

நியாயமான கேள்வி. மங்கலான பொருள்களில் நம்மால் ரூபினோடு போட்டிபோட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, பெரிய தொலைநோக்கிகள் சூரியனுக்குப் பக்கத்தில் பார்ப்பது குறைவு. வால்மீன்கள் பாதை மாறும் நேரமும், பிரகாசமாகும் நேரமும், உடையும் நேரமும் அங்கேதான். போரிசோவ் 2019 ஆகஸ்ட் 30 அன்று விடியற்கால வானத்தில், தானே செய்த 0.65 மீட்டர் தொலைநோக்கியில், வேற்று விண்மீனிலிருந்து வந்த வால்மீனைக் கண்டார். லவ்ஜாய் 2011-இல் 20 சென்டிமீட்டர் தொலைநோக்கியை வைத்து சூரியனை உரசும் வால்மீன் ஒன்றைத் தரையிலிருந்தே பிடித்தார்.

இரண்டு, பிரகாசமான வால்மீன் பெரிய தொலைநோக்கியின் கேமராவில் நிரம்பி வழிந்துவிடும். அதன் மையத்தை அளக்கச் சின்னத் தொலைநோக்கியே தோது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். சுச்சின்ஷான்-அட்லஸ் வால்மீனை 2024 அக்டோபரில் நம்மில் பலர் மேற்கே பார்த்தோம். சீனாவின் ஊதாமலை வானாய்வகம் அதை 2023 ஜனவரி 9 அன்றே கண்டு அறிவித்தது. உறுதிசெய்ய வேறு அளவீடு எதுவும் வராததால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பிப்ரவரி 22 அன்று தென்னாப்பிரிக்க அட்லஸ் தொலைநோக்கி அதைப் புதிதாகக் கண்ட பிறகுதான் இரண்டும் ஒன்று என்று தெரிந்தது. கருவிகள் இவ்வளவு இருந்தும் அடுத்த சில இரவுகளில் அதைத் தொடர ஆள் இல்லாமல் போனது. போக்சனுக்கு நடந்ததேதான். சீனர்களுக்கு அதிர்ஷ்டம், வால்மீன் மறுபடி கிடைத்தது.


பதிவு 13 | நுங்கம்பாக்கம் பழசு

நேர்ப்பேச்சு ஐயாவுக்கு ஒரு வார்த்தை. அளவீடு என்றைக்குப் பயன்படும் என்று அளக்கும் நாளில் தெரியாது. 1862-இல் கண்ட ஸ்விஃப்ட்-டட்டில் வால்மீன் 1980 வாக்கில் திரும்பும் என்று எதிர்பார்த்தார்கள், வரவில்லை. 1737-இல் பீஜிங்கில் கெக்லர் என்ற பாதிரியார் அளந்துவைத்த ஒரு வால்மீனும் இதுவும் ஒன்றாக இருந்தால் 1992 கடைசியில் வரும் என்று மார்ஸ்டன் 1973-இலேயே சொல்லியிருந்தார். அப்படியே வந்தது, கொஞ்ச நாள் பிசகு அவ்வளவுதான். அந்தப் பிசகால் 2126-இல் பூமிக்கு ஆபத்தோ என்று ஒரு பயம் கிளம்பியது. கி.மு. 69, கி.பி. 188 ஆகிய வருடங்களின் சீனக் குறிப்புகளோடு பாதை பொருந்திய பிறகுதான் அது நீங்கியது. இரண்டாயிரம் வருட வில்! எழுதிவைத்தவருக்கு நியூட்டனும் தெரியாது, நீள்வட்டமும் தெரியாது.


பதிவு 14 | நேர்ப்பேச்சு

சுச்சின்ஷான் விவரம் எனக்குத் தெரியாது. அதை ஏற்கிறேன். ஆனாலும் அந்த மாதிரி இடைவெளிகளை இனி ரூபினே நிரப்பிவிடும் என்ற எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வடக்கு வானத்துக்கும் அந்தி வானத்துக்கும் வேண்டுமானால் ஆள் தேவை என்பேன்.


பதிவு 15 | கொங்கு விண்மீன்

அந்தி வானமும் வடக்கு வானமும் போதுமே ஐயா, அங்கேயே வேலை கொட்டிக் கிடக்கிறது. தரவு அறிவியலும் வேறு பாதை அல்ல. சூரியனைப் படமெடுக்கும் சோஹோ விண்கலத்தின் படங்களில் இதுவரை 5,000-க்கு மேல் வால்மீன்கள் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவற்றை வீட்டிலிருந்தே படங்களைத் துழாவிய ஆர்வலர்கள்தான் கண்டார்கள். தொலைநோக்கி இல்லாதவர்களுக்கு அது நல்ல வாசல்.


பதிவு 16 | ஆரணி வானம்

என் கல்லூரியில் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்று பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பேராசிரியரிடம் பேசிவிட்டேன், எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். கேமரா நண்பன் ஒருவன் தருகிறான். நேராக வால்மீனில் ஆரம்பிக்கலாமா ஜவ்வாது அண்ணா?


பதிவு 17 | ஜவ்வாது இரவு

வேண்டாம் தம்பி. முதலில் எண் பெற்ற சிறுகோள் ஒன்றை எடுங்கள். 14-ஆம் ஒளியளவுக்குள் இருக்கட்டும். அதன் பாதை ஏற்கெனவே மிகத் துல்லியமாகத் தெரியும் என்பதால் உங்கள் அளவீட்டின் தரம் உடனே தெரிந்துவிடும். சிறுகோள் மையம் புதிய நிலையத்துக்குக் குறியீடு தரும்முன் கேட்பதும் இந்த மாதிரி அளவீடுகளைத்தான்.

ஒரே இரவில் நிறைய எடுப்பதைவிட, இரண்டு மூன்று இரவுகளில் ஒவ்வொன்றிலும் நாலைந்து படம் எடுங்கள். ஏன் என்று வாத்தியார் பதிவு 2-இல் சொல்லியிருக்கிறார். ரெசிடுவல் அரை விகலைக்குள் வந்தால் நல்ல தொடக்கம். வராவிட்டால் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். சிறுகோள் நகரும் திசையிலேயே எல்லாம் முன்னாலோ பின்னாலோ விழுந்தால் கடிகாரம்தான் குற்றவாளி. எல்லாத் திசையிலும் சிதறினால் படத்தில் சிக்னல் போதவில்லை, எக்ஸ்போஷரைக் கூட்டுங்கள் அல்லது அடுக்குங்கள். அப்புறம் வால்மீனுக்குப் போகும்போது வால் நீளும் திசையில் சாய்ந்தால் வட்டத்தைச் சிறிதாக்க வேண்டும்.

கேமரா எந்த மாடல், மவுண்ட் தானாகத் தொடருமா என்பதை எழுதுங்கள். முதல் இரவின் படங்களைச் சுருக்காமல் அப்படியே இங்கே ஏற்றினால் நானும் அளந்து ஒப்பிட்டுச் சொல்கிறேன்.